ஆயில் எஞ்சினும் அண்ணன் வைத்த தார் டிரம்மும்



போன வாரம் எங்கள் தோட்டத்துப் பழைய ஆயில் எஞ்சின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். எஞ்சினை விட அதன் பக்கத்தில் நிற்கும் துருப்பிடித்த டிரம்மைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். "தாத்தா, அது டீசல் டேங்கா?" என்று சென்னையிலிருந்து பேத்தி கேட்டாள். "சார், அந்த டிரம்மை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோமே, பனிரெண்டாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு போனீர்களே" என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். மலையடிவாரத்தில் நிலம் வாங்கியிருக்கும் ஒரு மாணவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அந்த டிரம் இப்போது உயிர்ப் பிரச்சினை. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நம் பக்கம் கிணறுகள் ஆழம். மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் என் அப்பா காலத்தில் தண்ணீர் இறைத்தார்கள். பைக்காரா மின்நிலையம் 1932-லேயே வந்து, கோவைப் பக்கம் மில்லும் பம்பும் பெருகின என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கம்பி எல்லாத் தோட்டத்துக்கும் வந்துவிடவில்லை. எங்கள் மேட்டாங்காட்டுக்கு 'சர்வீஸ்' கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தோம். கவலைக்கும் கரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை நிரப்பியது ஆயில் எஞ்சின்தான்.

இரண்டு வகை எஞ்சின்கள் நம் பக்கம் அதிகம் ஓடின. ஒன்று, பெரிய சக்கரம் வைத்த மெதுவான எஞ்சின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த வடிவம் அது. 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளில் தொடங்கி உலகம் முழுக்க ஓடியது. அதே வடிவத்தைப் பார்த்து நம் ராஜ்கோட்டில் செய்து விற்றார்கள், இன்னும் செய்கிறார்கள். இன்னொன்று கிர்லோஸ்கர் மாதிரியான வேக எஞ்சின். 5 குதிரைத்திறன், 1500 சுற்று. சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர். எங்கள் தோட்டத்தில் இருந்தது மெதுவான ரகம். 'டொக்... டொக்... டொக்' என்று அது ஓடுவதைக் கேட்டே பக்கத்துத் தோட்டக்காரர் மணி சொல்வார்.

சரி, எஞ்சினுக்கு ஏன் தண்ணீர்? பாடத்தில் படித்ததை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். எரிகிற டீசலின் சக்தியில் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதிப் பங்கு சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பில் இறங்குகிறது. அதைத்தான் நாம் எடுத்தாக வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் சுமார் 3 கிலோவாட். குளியலறையில் மாட்டுகிறோமே ஹீட்டர், அதில் ஒன்றரை இரண்டை எஞ்சினுக்குள் வைத்து இடைவிடாமல் எரிப்பது போலத்தான். எடுக்காமல் விட்டால் எண்ணெய் மெலியும், பிஸ்டன் வீங்கும், எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

தோட்டத்தில் இதற்கு எல்லோரும் செய்த வழி மிக எளிது. பம்ப் தண்ணீர் தள்ளும் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அரை அங்குல ட்யூப் ஒன்றை எடுத்து எஞ்சினின் அடியில் செருகிவிடுவார்கள். எஞ்சினின் மேலே இன்னொரு ட்யூப். அதில் வெதுவெதுப்பாக வரும் தண்ணீர் வாய்க்காலிலேயே விழும். செலவே இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை கவலையும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது. எஞ்சின் குளிர்வது பம்பை நம்பி. பம்ப் கிணற்றை நம்பி. கிணறு வானத்தை நம்பி.

1982-ல் மழை பொய்த்தது. 83 கோடையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் பாறைக் குழிக்குப் போய்விட்டது. பம்ப் ஒன்றால் 20, 23 அடிக்குக் கீழிருந்து நன்றாக உறிஞ்ச முடியாது. காற்றழுத்தத்தின் கணக்கு 34 அடி என்றாலும் நடைமுறையில் அவ்வளவு வராது. அதனால் அண்ணன் பம்பைக் கிணற்றுக்குள் ஒரு பாறைத் திட்டுக்கு இறக்கி, மேலே இருந்த எஞ்சினிலிருந்து நீளமாகப் பெல்ட் போட்டு ஓட்டினார். ஒரு மணி நேரம் இறைத்தால் குழி வற்றும். மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஊறும். அப்படி ஊறிய தண்ணீரில் ஒரு ஏக்கர் மிளகாயைக் காப்பாற்றிக் கொண்டிருந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட 6 வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். எஞ்சின் வாங்கிய வருடம், "ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனா இதை ஓட்டறது யாரு? தம்பி படிக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டு நின்றார். அந்த எஞ்சின் இறைத்த தண்ணீரில் விளைந்ததுதான் என் கல்லூரிச் சம்பளம், விடுதிச் சாப்பாடு எல்லாம். நான் இயற்பியல் வாத்தியார் ஆனதற்கு அந்த 650 சுற்றுதான் காரணம் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். அது விளையாட்டுப் பேச்சில்லை.

அந்த மே மாதம் ஒருநாள் மத்தியானம். அண்ணன் கீழ்க்காட்டில் மடை திருப்பிக் கொண்டிருந்தார். கிணறு வற்றி பம்ப் காற்றை இழுத்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் நின்றது அவருக்கு உடனே தெரியவில்லை. பம்ப் நின்றால் எஞ்சின் நிற்காது, சுமை போனதால் இன்னும் லேசாக ஓடும். ஆனால் குளிர்ச்சித் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. அதுமட்டுமில்லை, அடியில் ஃபுட் வால்வு கசிந்ததால் குழாயில் இருந்த தண்ணீர் கிணற்றுக்கே இறங்கியது. இறங்கும்போது எஞ்சினுக்குள் இருந்த தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. வெறும் இரும்பு. கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கருகும் வாசம். களை எடுக்க வந்திருந்த ஒரு பெரியவர் புகையைப் பார்த்துப் பதறி ஓடி, நல்ல எண்ணத்தில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை எஞ்சின் தலையில் ஊற்றிவிட்டார்.

'டக்' என்று ஒரு சத்தம். வார்ப்பிரும்பு ஹெட் குறுக்கே விரிந்துவிட்டது.

சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான். தண்ணீர் பட்ட மேல்பகுதி சட்டென்று சுருங்குகிறது, உள்பகுதி சுருங்கவில்லை. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரியும்.

புது ஹெட் வாங்க அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. காங்கேயத்திலிருந்து ஹெட் வந்து மாட்டுவதற்குள் பதினோரு நாள். மிளகாயில் பாதி போய்விட்டது. அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். "நீங்க ஊத்தலைன்னாலும் அது பிடிச்சுதானுங்க போயிருக்கும்" என்று அண்ணன் அவருக்குச் சோறு போட்டு அனுப்பினார். கோடை விடுமுறைக்கு வந்திருந்த நான் இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தேன்.

புது ஹெட் மாட்டிய அன்றே அண்ணன் ஒரு முடிவு எடுத்தார். "கெணத்துத் தண்ணிய நம்பி எஞ்சினை ஓட்டறதில்லை. அதுக்குன்னு தனித் தண்ணி வேணும்" என்றார். ரோடு போடும் இடத்திலிருந்து காலியான தார் டிரம் ஒன்றை வாங்கி, உள்ளே நெருப்பு மூட்டித் தாரை எரித்துச் சுரண்டினார். 200 லிட்டர் பிடிக்கும். கிணற்று மேட்டில் எஞ்சின் பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். எஞ்சின் தலையிலிருந்து ஒரு குழாய் டிரம்மின் மேல்பகுதிக்கு. டிரம்மின் அடியிலிருந்து ஒரு குழாய் எஞ்சினின் அடிக்கு. இரண்டும் ஒன்றேகால் அங்குலக் குழாய். இரும்புக் குழாயை எஞ்சினில் நேரே முடுக்கினால் அதிர்வில் விட்டுவிடும் என்று நடுவில் லாரி ட்யூப் துண்டு வைத்துக் கம்பியால் இறுக்கினார். பம்ப் கிடையாது, விசிறி கிடையாது. அரவை மில் எஞ்சினுக்குச் சிமெண்ட் தொட்டி வைத்திருந்ததைப் பார்த்த அனுபவம் மட்டும்தான் அவருக்கு.

முதல் நாள் ஓட்டியபோது எஞ்சின் கொதித்தது, டிரம் சில்லென்று இருந்தது. மேல் குழாய் கதவு நிலையைத் தாண்டும் இடத்தில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அண்ணன் குழாயை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். மேட்டின் இந்தப் பக்கம் கை வைக்க முடியவில்லை, அந்தப் பக்கம் குளிர்ச்சி. "இங்கெ காத்து உக்காந்திருக்குது" என்றார். நிலைக்குக் கீழே சுவரில் ஓட்டை போட்டு, எஞ்சினிலிருந்து டிரம் வரை குழாய் ஏறிக்கொண்டே போகும்படி மாற்றினார். பிறகு டிரம்மில் நாலு உமியைத் தூவினார். எஞ்சின் ஓடிய பத்தாவது நிமிடம், குழாய் வாய்க்கு நேரே இருந்த உமி மெதுவாக நகர்ந்து எதிர்க்கரைக்குப் போய் ஒட்டியது.

பள்ளிக்கூடத்தில் பீக்கரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் போட்டு, ஊதாக் கோடு மேலே எழும்புவதைக் காட்டி வெப்பச்சலனம் நடத்துவேன். அண்ணன் அதை உமியில் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தை மட்டும்தான். அந்தப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவர் கையிலேயே இருந்தது.

இப்போது ஏன் என்று பார்ப்போம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 996 கிராம். 80 டிகிரியில் அதே ஒரு லிட்டர் சுமார் 972 கிராம். வித்தியாசம் 24 கிராம். எஞ்சின் பக்கம் இருக்கும் சூடான தண்ணீர் லேசானது, டிரம் பக்கம் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கனமானது. கனமானது அடியில் தள்ளுகிறது, லேசானது மேலே ஏறுகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்தத் தள்ளுதல் வெறும் 24 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், ஒரு அங்குலம் கூட இல்லை. இவ்வளவு சிறிய பலத்தில்தான் முழுச் சுற்றும் நடக்கிறது. அதனால்தான் குழாய் அகலமாக இருக்க வேண்டும், வளைவு குறைய வேண்டும், நடுவில் காற்று உட்காரக் கூடாது. மோட்டார் பம்ப் வைத்த இடத்தில் இந்தப் பிழைகள் மன்னிக்கப்படும். இங்கே மன்னிக்கப்படாது. இதில் ஒரு அழகும் உண்டு. சுமை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் சுற்றும் வேகமும் தானாகவே கூடும்.

அந்த டிரம் வைத்தபின் எஞ்சின் ஒருநாளும் கொதித்து நின்றதில்லை. அம்மா ஒரு பித்தளைத் தவலையில் தண்ணீர் நிரப்பி டிரம்முக்குள் கழுத்தளவு இறக்கி வைப்பார். அரை மணியில் குளிக்கப் பதமான வெந்நீர். தோட்டத்தில் வெந்நீருக்கு விறகு வைப்பதே நின்றது. 85-ல் நான் நம் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபின் வருடா வருடம் சைக்கிளில் உங்களைக் கூட்டிக்கொண்டு போனது இதைக் காட்டத்தான். உங்களுக்கு அண்ணி கொடுத்த மோர்தான் ஞாபகம் இருக்கிறது என்று கமெண்டில் தெரிகிறது. பரவாயில்லை. 1990-ல் விவசாயத்துக்கு எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதற்கு அடுத்த சில வருடத்தில் எங்களுக்கும் சர்வீஸ் கிடைத்தது. எஞ்சின் ஓய்வு பெற்றது.

இப்போது அந்த மாணவர் விஷயம். பெயர் வேண்டாம் என்றார். திருப்பூரில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த இடம் மூடியபோது கிடைத்த பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, எலுமிச்சையும் நெல்லியும் வைத்திருக்கிறார். போர்வெல் போட்டு ஒன்றரைக் குதிரைத்திறன் சப்மெர்சிபிள் இறக்கியாயிற்று. கம்பி இன்னும் வரவில்லை. சூரிய மின்சார பம்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை கன்றுகள் காத்திருக்காதே. பழைய 5 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை வாங்கி ஆல்டர்னேட்டர் பூட்டி, தினம் நாலு மணி நேரம் ஓட்டத் திட்டம். குளிர்ச்சிக்கு 25 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டும் அரை அங்குல பிளாஸ்டிக் ட்யூபும். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பக்கெட் கொதிக்கிறது. எஞ்சினே கெட்டது, தள்ளிவிடு என்று ஒருவர். ரேடியேட்டர், விசிறி, தனி பம்ப் எல்லாம் போடு என்று இன்னொருவர். "சார், கையில இருந்த காசு முடிஞ்சுது. இந்தக் கோடையத் தாண்டலைன்னா கன்னெல்லாம் போயிரும். வீட்டுல முகம் குடுத்துப் பேச முடியலை" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு 83 மே மாதம் கண் முன்னால் வந்தது.

"சாமி, எஞ்சின் கெடலை. கணக்கைப் போடு" என்றேன். போனிலேயே போட்டோம். நீங்களும் போடுங்கள்.

பாதிச் சுமையில் அவர் எஞ்சின் மணிக்கு 650 மில்லி டீசல் எரிக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல். ஆக மணிக்கு 23 மெகாஜூல். அதில் பத்தில் மூன்று பங்கு தண்ணீருக்கு, சுமார் 7 மெகாஜூல். 25 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 105 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 67 டிகிரி. 30-ல் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 97. அவருடைய பக்கெட் கணக்குத் தப்பாமல் கொதித்திருக்கிறது!

200 லிட்டர் டிரம் என்றால் ஒரு டிகிரிக்கு 840 கிலோஜூல். மணிக்கு எட்டரை டிகிரிக்குள். நாலு மணி நேரத்துக்கு 34 டிகிரி, ஆக 64. டிரம்மின் பக்கவாட்டுத் தகரமும் திறந்த வாயும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் உண்மையில் இன்னும் குறைவு. அவர் இரண்டு டிரம் வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எஞ்சினை மிகவும் குளிர்ச்சியாக ஓட்டுவதும் கெடுதல். டீசல் சரியாக எரியாது, கரி பிடிக்கும். டீசலில் இருக்கும் கந்தகம் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் அமிலமாகப் படிந்து அரிக்கும். கிணற்றுத் தண்ணீர் நேரே பாய்ந்த அந்தக் கால எஞ்சின்களில் லைனர் சீக்கிரம் தேய்ந்ததற்கு இது ஒரு காரணம். நன்றாகச் சூடாக, கொதிக்காமல் ஓடுவதுதான் எஞ்சினுக்கு இதம்.

பழைய இரும்புக் கடையில் ஒரு டிரம், ஒன்றேகால் அங்குலக் குழாய், இரண்டு லாங் பெண்ட், ஹோஸ், கிளிப். ஒரே நாளில் வேலை முடிந்தது. நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிரம்மின் மேலே 61, அடியில் 48. மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கன்றுகளில் துளிர் விட்ட படமும் வந்தது. கம்பி வரும்வரை வண்டி ஓடும்.

இவரைப் போலக் கரண்ட் இல்லாத இடத்தில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் இருப்பீர்கள். உங்களுக்காக அண்ணனும் நானும் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள்:

1. எஞ்சினிலிருந்து டிரம்முக்குப் போகும் மேல் குழாய் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும். ஓரிடத்திலும் இறங்கி ஏறக் கூடாது.

2. டிரம்மில் தண்ணீர் மட்டம், மேல் குழாய் நுழையும் வாய்க்கு நாலு விரல் மேலே எப்போதும் இருக்க வேண்டும். வாய் வெளியே தெரிந்தால் சுற்றுவது நின்றுவிடும். தினம் ஓட்டுமுன் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

3. கீழ்க் குழாயை டிரம்மின் அடித்தட்டிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி மேலே எடுங்கள். துருவும் சேறும் கீழே தங்கும்.

4. டிரம்மை இறுக்கி மூடவே கூடாது. ஆவி அடைபட்டால் வெடிக்கும். கொசு முட்டையிடாமல் வலைத்துணி கட்டுங்கள், போதும்.

5. உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைக் காறை படிகிறதே, எஞ்சினுக்குள்ளும் அதுவே படியும். காறை வெப்பத்தைக் கடத்துவது இரும்பை ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு கூட இராது. ஒரு மில்லிமீட்டர் காறை படிந்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமான இரும்புச் சுவர் வைத்தது போல. ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர்தான் சிறந்தது. ஆவியாகிக் குறைவதற்கும் அதையே ஊற்றுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிக் கூடிக்கொண்டே போகும்.

6. ஏற்கெனவே காறை இருந்தால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஊறவைத்து அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், இரும்பையே தின்றுவிடும்.

7. திறந்த டிரம்மில் கூலன்ட் கலக்காதீர்கள். அதன் இனிப்புக்கு மாடும் நாயும் வாய் வைத்தால் செத்துப்போகும்.

8. தண்ணீர் இல்லாமல் சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிறுத்திவிட்டுத் தானாக ஆறும்வரை காத்திருங்கள். வீட்டில் உள்ளவர்கள், வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் எஞ்சினை நிறுத்தும் கைப்பிடி எது என்று காட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்கு அது தெரிந்திருந்தால் அம்மாவின் தோடு தப்பியிருக்கும்.

9. புகை வெளியே போகும் குழாயைக் கூரைக்கு மேலே விடுங்கள். மூடிய அறையிலும் கிணற்றுக்குள்ளும் எஞ்சினை ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். பெல்ட் பக்கம் வேட்டி, சேலை, துண்டோடு போகாதீர்கள்.

10. டிரம் கல் அடுக்கின் மேல் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். 200 கிலோ சுடுதண்ணீர் அது. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இத்தனை வருடம் எஞ்சின் பக்கத்தில் நின்றதில் இரண்டு காதும் மந்தம். போனில் பேச முடியாது. அதனால் மாணவர் அனுப்பிய 61, 48 என்ற எண்களைச் சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன். "மேலேயும் கீழேயும் பதிமூணு வித்தியாசம். நல்லாச் சுத்துது" என்றார். அப்புறம், "அந்தப் பையனை மழைத் தண்ணி பிடிக்கச் சொல்லு" என்றார்.

அண்ணன் மகன் அந்தப் பழைய எஞ்சினை இரும்புக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். எடைக்குப் போட்டால் நல்ல காசு வரும் என்பது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று வாரத்தில் அவனும் மனம் மாறியிருக்கிறான். டிரம் மட்டும் அடியில் ஓட்டை. புது டிரம் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஓட்டிக் காட்ட வேண்டும். உமி தயாராக இருக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எஞ்சினுக்குத் தண்ணீர் வைத்த விதம் வேறாக இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். தொட்டி வைத்தவர்கள், கிணற்றுக்குள் சுருள் குழாய் இறக்கியவர்கள் என்று பலர் இருப்பீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். கணக்கில் எங்காவது சந்தேகம் இருந்தால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்.